ஒரே கோவில்

ஒரு ஜாதகம் தட்டினால் பதினெட்டு ரூபாய்.
செக்காலை ரோட்டு மாடியில்
தேனப்பனின் திருமணத் தகவல் மையம்.
வீட்டிலிருந்தே தட்டி அனுப்புகிறேன்:
பெயர், நட்சத்திரம், கோவில், பிரிவு,
ஆத்தா பிறந்த ஊர்,
மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் என்ன வேலை.

நான்காவது கோப்பைத் திறந்தால்
மடிக்கணினி மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.
வட்டம் சுற்றுகிறது.
உலையில் அரிசி போட்டுவிட்டு வருகிறேன்,
வடித்துவிட்டும் வருகிறேன்,
சுற்றிக்கொண்டேயிருக்கிறது.

நினைவகம் போதவில்லை என்றது திரை.
காரைக்குடியில் நினைவகம் எங்கே என்று கேட்டால்
ஆட்டோக்காரர் மணிமண்டப வாசலில் இறக்கிவிட்டு
அறுபது ரூபாய் கேட்பார்.
எனக்கு வேண்டியது
ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு.

கையில் ஆயிரத்து நூறு.
அதில் இருநூறின் மேல்
சிலிண்டர் என்று ஏற்கெனவே பேர் எழுதியாயிற்று.

கவிழ்த்துப் போட்டுக் கழற்றினேன். பதினோரு திருகாணி.
டிபன் மூடியில் போட்டுவைத்தேன்.
உள்ளே இரண்டு அறைகள், ஒன்று காலி!
வாடகைக்கு வீடு தேடி அலைந்தவளுக்குத்தான் தெரியும்
காலி அறையைப் பார்க்கிற சந்தோஷம்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைப் பையன்
"எல்லாம் ஒண்ணுதாங்க்கா" என்றான். நானூறு.
அதே அகலம், அதே பல்வரிசை,
அதே இடத்தில் வெட்டு.
சொருகினேன்.
கறுப்புத் திரை. ஒரு கூவல். இன்னொன்று.
பிறகு கூவக்கூட இல்லை.

ராத்திரி இரண்டு தகட்டையும் பக்கத்தில் வைத்து
செல்போன் வெளிச்சத்தில் படித்தேன்.
பழையதில் பிசி மூன்று எல்.
புதியதில் பிசி மூன்று. அவ்வளவுதான்.
ஓர் எல்.
என் கணினி தருவது ஒன்று புள்ளி மூன்று ஐந்து வோல்ட்.
வந்தவனோ ஒன்றரை கேட்கிறான்,
அளவுச் சாப்பாட்டு மேசையில்
மறுசோறு கேட்கிற ஆள் மாதிரி.

பையன் முந்நூறுதான் திருப்பித் தந்தான்.
அந்த நூறு ரூபாய், எழுத்துக் கூட்டிப் படிக்காததற்கு.

கழனிவாசலில் சகாயராஜ் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.
செத்த கணினிகளிலிருந்து பிடுங்கிய தகடுகள்,
நாற்பது இருக்கும்.
"டிடிஆர் நாலு நல்ல வேகம். ஆனா வெட்டு வேற எடத்துல,
உங்க மிஷின் வாய்க்குள்ள போகாது.
எட்டு ஜிபி எல்லு ஒண்ணு இருக்கு, தொள்ளாயிரத்து அம்பது.
பழைய நாலோட போட்டா ஓடும்,
ஆனா ஒருபக்கம் கனமாத்தான் ஓடும்."
என் கையில் எண்ணூறு.
டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன்.
கிடைத்தது:
நான்கு ஜிபி, எல், அதே கம்பெனி, அதே வேகம்.
நானூற்று எண்பது. ஒரு வார உத்தரவாதம்,
சீட்டில் இல்லை, வாயால்.

இந்த ஊரில் கோவிலும் பிரிவும் ஒன்றானால்
பெண் எடுக்க மாட்டார்கள், பங்காளி முறை.
அந்த விண்ணப்பங்களை
எத்தனை முறை நானே எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன்!
இப்போது நூறு ரூபாயைத் தொலைத்துவிட்டு
ஊரெல்லாம் நான் தேடியது
ஒரு பங்காளியை.

எட்டு ஜிபி என்றது திரை.
ஏழு கோப்பு திறந்தேன். எட்டு. பன்னிரண்டு.
வட்டம் எட்டிப்பார்த்துவிட்டுப் போயிற்று.
திருகாணி பத்துதான் இருந்தது,
ஒரு மூலை கொஞ்சம் தூக்கியபடி இருக்கிறது,
இருக்கட்டும்.

பதினேழாவது ஜாதகத்தின் பாதியில்
கரண்ட் போனது.
பேட்டரி ஆடியிலேயே செத்துவிட்டது.
சேமிக்காத ஆறு பேரையும்
இரண்டு தகடும்
ஒரே நொடியில், ஒரே வேகத்தில்,
ஒருவரையொருவர் குறை சொல்லாமல் மறந்தன.
பொருத்தம் என்றால் இதுவும்தான் போலிருக்கிறது.

கரண்ட் வந்ததும் மறுபடி உட்கார்ந்தேன்.
பெயர்.
நட்சத்திரம்.
கோவில்.